45 கியாட் நோட்டும் காணாமல் போன எட்டும்

கேள்வி: பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது பர்மாவின் 45 கியாட் நோட்டு ஒன்று கிடைத்தது. பேரன் அதைப் பார்த்துவிட்டு, "பாட்டி, 12345679-ஐ இந்த 45-ஆல் பெருக்கிப் பாருங்க" என்றான். பெருக்கினால் எல்லாம் ஐந்தாக வருகிறது! நோட்டுக்கும் அந்த எண்ணுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? நடுவில் 8 மட்டும் ஏன் இல்லை?
– வாசகி, பகோ

பதில்: நேரடி சம்பந்தம் இல்லை அம்மா, இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்பதுதான். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை மாற்றிக்கூடக் கொடுக்காமல் செல்லாது என்று அறிவித்துவிட்டு, அதே மாதம் 45, 90 என்று ஒன்பதால் வகுபடுகிற நோட்டுகளை விட்டார்கள். அப்போது பர்மாவை ஆண்ட நே வின்னுக்கு ஒன்பது ராசி என்பது ஊரறிந்த பேச்சு. அன்றைக்குப் பெட்டியில் பணம் வைத்திருந்தவர்களுக்கு என்ன ராசியோ!

சரி, கணக்குக்கு வருவோம். ஒன்பது ஒன்றுகளை வரிசையாக, 111111111 என்று எழுதி, பள்ளிக்கூடத்தில் செய்த மாதிரி 9-ஆல் வகுத்துப் பாருங்கள், ஈவாக வருவது அந்த 12345679-தான். முதல் ஒன்றில் போகாது. அடுத்ததை இறக்கினால் 11, ஒரு தடவை போகும், மீதி 2. இன்னொன்றை இறக்கினால் 21, இரண்டு தடவை, மீதி 3. இப்படியே ஈவும் மீதியும் ஒவ்வொரு படியாக ஏறி, 71-ல் ஏழு தடவை, மீதி 8 என்று வந்து நிற்கும். இறக்க ஒரே ஒரு ஒன்றுதான் பாக்கி. இறக்கினால் 81, அதில் ஒன்பது தடவை மீதியே இல்லாமல் போய்விடும். எட்டு வரவேண்டிய இடத்தில் ஒன்பது உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

45 என்பது ஐந்து ஒன்பது, அதனால் ஐந்தாக வருகிறது. 90-ஆல் பெருக்கினால் 1111111110. எங்கள் அலுவலகத்துக்குக் கீழே பருப்புக் கடைக்காரரின் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், அதில் எட்டு இலக்கம்தான் கொள்ளும், ஓரத்தில் ஆங்கில 'ஈ' எழுத்தைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. கைபேசியில் போடுங்கள்.

பேரனை மடக்க ஒன்று சொல்லித் தருகிறேன். அதே எண்ணை 2-ஆல் பெருக்கினால் 24691358, முன்னால் ஒரு 0 போட்டுக்கொண்டால் 7 மட்டும் இருக்காது. 4-ஆல் பெருக்கினால் 5 இருக்காது, 5-ஆல் பெருக்கினால் 4, 7-ஆல் பெருக்கினால் 2. 8 வரை பெருக்கிய எண்ணையும் காணாமல் போனதையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. 3, 6 வேண்டாம், அவற்றில் 37037037, 74074074 என்று ஒரே இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: 12345679 பகா எண்ணா?
– அதே வாசகியின் பேரன்

பதில்: இல்லை தம்பி. 37-ஐ 333667-ஆல் பெருக்கிப் பார். அப்புறம் அதன் இலக்கங்களைக் கூட்டிப் பார், அதுவும் 37.