டின் மீனில் கலோரி பார்க்கும்போது நிகர எடையை எடுப்பதா, வடித்த எடையை எடுப்பதா?

கேள்வி இதுதான்: எண்ணெயில் போட்ட மத்தி டின். நிகர எடை (மீனும் திரவமும் சேர்ந்தது) 125 கிராம், வடித்த எடை (திரவத்தை வடித்த பின் மீன் மட்டும்) 90 கிராம். லேபிளின் ஊட்டச்சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு 208 கலோரி, புரதம் 24.6 கிராம், கொழுப்பு 11.5 கிராம். முழு டின்னையும் காலி செய்தால் 260 கலோரியா, 187 கலோரியா?

மீனை மட்டும் எடுத்துச் சாப்பிட்டால் 187. எண்ணெயையும் சேர்த்துச் சாப்பிட்டால் 500-ஐ நெருங்கும். 260 எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் பலரும் போடுவது அந்த 260-ஐத்தான். நானும் சில மாதங்கள் அப்படித்தான் எழுதி வந்தேன். 125-ஐ 2.08-ஆல் பெருக்கு, கலோரி கணக்கிடும் செயலியில் போடு, அவ்வளவுதான். எண்ணெயை வீணாக்க மனசு வராமல் எல்லாவற்றையும் தட்டில் கொட்டிக்கொண்டு, உடல் எடை ஏன் குறையவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அட்டவணையில் இருக்கும் "100 கிராம்" என்பது எதனுடைய 100 கிராம்? எல்லாக் குழப்பமும் இந்த ஒரு இடத்தில்தான். வடித்த மீனா, எண்ணெயும் மீனும் சேர்ந்ததா? சில லேபிள்களில் "வடித்த பொருளுக்கு" என்று தெளிவாகவே எழுதியிருப்பார்கள். எழுதாவிட்டால் கொழுப்பு வரியைப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும்.

உங்கள் டின்னையே எடுத்துக்கொள்வோம். 125-இல் 90 போனால் மீதி 35 கிராம் திரவம். அது முழுக்க எண்ணெய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி வீதம் 315 கலோரி. மீனின் 187-ஐச் சேர்த்தால் 502. இதை 125 கிராமுக்குப் பங்கிட்டால் 100 கிராமுக்கு சுமார் 400 கலோரியும் 36 கிராம் கொழுப்பும் வர வேண்டும். உங்கள் லேபிளில் கொழுப்பு 11.5 தான். ஆக, அட்டவணை பேசுவது வடித்த மீனைப் பற்றி. கொழுப்பு 30-ஐத் தாண்டியிருந்தால் எண்ணெயோடு சேர்த்த கணக்கு என்று எடுத்துக்கொள்ளலாம்.

நிஜத்தில் அந்த 35 கிராமும் சுத்த எண்ணெய் கிடையாது. மூடிய டின்னுக்குள்ளேயே மீன் வேகிறது, அப்போது மீனிலிருந்து இறங்கும் நீரும் அதில் கலந்திருக்கும். அதனால்தான் "500-ஐ நெருங்கும்" என்றேன், 502 என்று அடித்துச் சொல்லவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று பெருக்கிப் பார்த்துவிட்டு, "202 தானே வருகிறது, 208 எப்படி?" என்று குழம்பாதீர்கள். மீன் புரதத்துக்கு 4-க்குப் பதிலாக 4.27 என்று நுணுக்கமாக எடுக்கும் அட்டவணைகள் உண்டு. அப்படிப் பெருக்கினால் 208 வந்துவிடும். இந்த வித்தியாசத்துக்கெல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். எண்ணெய் ஒன்றுதான் கணக்கைக் கவிழ்க்கும்.

100 கிராம் கணக்கு இல்லாமல் "ஒரு சர்விங்குக்கு" என்று போடும் லேபிள்கள் வேறு இருக்கின்றன. அங்கே சர்விங்கின் கிராமை எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஒரு டின்னில் நிகர எடை 142, வடித்த எடை 113, சர்விங் 56 கிராம், டின்னில் சுமார் 2 சர்விங் என்று இருந்தால், 56 × 2 = 112. இது வடித்த எடையோடு ஒட்டி வருகிறது, ஆகவே கலோரியும் வடித்த மீனுக்கானது. பெருக்கினால் 142 பக்கம் வந்தால் திரவமும் சேர்ந்தது. "சர்விங்" என்பது நீங்கள் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற அறிவுரை இல்லை, லேபிள் போடுவதற்கான ஓர் அளவு, அவ்வளவுதான். சர்விங் சிறிதாக இருந்தால் முழு எண்ணாக்குவதில் சில எண்கள் காணாமலே போகும். சில நாடுகளின் விதிப்படி அரை கிராமுக்குக் குறைந்த கொழுப்பை 0 என்றே போடலாம். இரண்டு சர்விங் சாப்பிட்டவருக்கு அது உண்மையில் 0 இல்லை.

தண்ணீரிலோ உப்பு நீரிலோ போட்ட சூரை மீன் என்றால் பெரிய தலைவலி இல்லை. திரவத்தில் கலோரி கிட்டத்தட்ட கிடையாது. வடித்த எடையை எடுங்கள், முடிந்தது. தக்காளி சாஸில் போட்டது என்றால் வடிக்கவே வேண்டாம். சாஸும் உணவுதான், அட்டவணையும் பொதுவாக இரண்டையும் சேர்த்தே இருக்கும், எனவே அங்கே நிகர எடைதான் சரி. கிலோ ஜூலில் மட்டும் போட்டிருந்தால் 4.184-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், டின்னில் அச்சடித்த வடித்த எடையும் உங்கள் தட்டில் விழுவதும் ஒன்றாக இருக்காது. பரிசோதனையில் சல்லடையைச் சாய்த்து வைத்து 2 நிமிடம் வடிய விடுவார்கள். நாம் மூடியை வைத்து அழுத்திப் பிழிவோம், அல்லது அவசரத்தில் பாதி எண்ணெயோடு கவிழ்ப்போம். கிச்சன் தராசு இருந்தால் வடித்த மீனை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு பேர் பங்கு போட்டாலும் துண்டுகளை எண்ணாமல் நிறுத்துக்கொள்வதே நல்லது, மத்தி மீனில் ஒரு துண்டு இன்னொன்றைப் போல் இருப்பதில்லை.

எண்ணெயை முழுக்கக் கொட்டிவிட வேண்டுமா என்றால், அது உங்கள் விருப்பம். மீனின் ஒமேகா-3 கொழுப்பில் கொஞ்சம் அந்த எண்ணெயில் இறங்கியிருக்கும், ருசியும் அதில்தான் இருக்கிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் சுமார் 40 கலோரி, ஒரு மேசைக்கரண்டி சுமார் 120. நான் டின்னை நன்றாக வடித்துவிட்டு, ஒரு தேக்கரண்டி மட்டும் திரும்ப மீன் மேல் விடுகிறேன். உங்கள் டின் அளவில் அது 187 + 40 = 227. செயலியில் 230 என்று எழுதிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவேன்.