ஐஸில் வைத்து அனுப்பிய ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது ஏன்?

மண்டபம் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருக்கும் வாசகர் கேட்கிறார்: "எலக்ட்ரோலைட் (சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகள்) பார்க்க ரத்தத்தை தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு ராமநாதபுரம் அனுப்புகிறோம். நன்றாக நடமாடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் 6க்கு மேல் வருகிறது. அங்கே கேட்டால் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) தெளிவாகத்தான் இருந்தது என்கிறார்கள். டாக்டர் என்னைத்தான் பிடிக்கிறார்."

சந்தேகம் முதலில் அந்த ஐஸ் மேல்தான். மீனுக்குச் செய்வதை ரத்தத்துக்கும் செய்கிறீர்கள், அங்கே அடிக்கிற வெயிலுக்கு அப்படித் தோன்றுவதும் நியாயம்தான். ஆனால் சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே இருப்பதைப் போல 20 மடங்குக்கும் மேல், அதை உள்ளேயே நிறுத்தி வைக்க அணுவின் சவ்வில் ஒரு பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. குளிரில் அது படுத்துவிடும், பொட்டாசியம் மெல்லக் கசிந்து சீரத்தில் சேரும். அணு உடையாததால் சீரம் சிவக்காது. அதனால்தான் அங்கே பார்ப்பவருக்கும் ஒன்றும் தெரிவதில்லை.

அதற்காக வெயிலில் வைக்கலாமா என்றால் அதுவும் கூடாது. அனுப்பும் முன்பே சீரத்தைப் பிரித்துவிடுங்கள். அணுக்களையும் சீரத்தையும் தனித்தனியே பிரித்து நிறுத்தும் ஜெல் டியூபில் எடுத்து, அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து உறைய விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். ஜெல் இல்லாத சிவப்பு மூடி டியூப் என்றால் சீரத்தை வேறு டியூபுக்கு மாற்றி, பெயர் எழுதி ஒட்டுங்கள். அப்புறம் ஐஸ் பெட்டியில் தாராளமாக வைக்கலாம், டியூப் நேராக ஐஸில் படாமல் காகிதம் சுற்றினால் போதும். சீரம் கொஞ்சமாக வந்ததே என்று ஜெல் டியூபை இரண்டாம் முறை சுற்றாதீர்கள், ஜெல்லுக்கு அடியில் கசிந்து கிடக்கும் பொட்டாசியம் மேலே வந்துவிடும்.

எடுக்கும்போதும் கவனிக்க வேண்டியது உண்டு. கையை மூடி மூடித் திறக்கச் சொல்வது பொட்டாசியத்தை ஏற்றும். பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்காதீர்கள். ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் மருந்தே பொட்டாசியம் உப்புதான், அதனால் சீரம் டியூபை முதலில் நிரப்புங்கள், ஊதாவிலிருந்து ஒரு சொட்டும் இதில் ஊற்றாதீர்கள். ஊற்றியிருந்தால் கால்சியமும் கூடவே இறங்கியிருக்கும், பழைய ரிப்போர்ட்டுகளில் அதையும் பாருங்கள்.

ஒன்று மட்டும்: 6 வந்தால் "நம்ம ஐஸ் கோளாறுதான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். சிறுநீரகம் கெட்டவருக்கு அது நிஜமாகவே இருக்கலாம். உடனே டாக்டரிடம் சொல்லி, புதிதாக ரத்தம் எடுத்துப் பிரித்து அனுப்புங்கள். அதற்குள் ஈசிஜி பார்ப்பதா என்று அவர் சொல்லட்டும்.