பானையில் ஒரு பிடி மாவு

வணக்கம் ஐயா,

சில மாதங்களாக வேலை இல்லை. மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். ராத்திரி தூக்கமே வருவதில்லை. ஜெபக்கூட்டத்தில் ஒருவர், கவலைப்படுவதே அவிசுவாசம், நீதிமான் கைவிடப்படுவதைக் கண்டதில்லை என்று சங்கீதம் 37 சொல்கிறதே என்றார். அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள் என்கிறாள் மனைவி. கேட்டால் தேவனை நம்பாதவன் ஆகிவிடுவேனோ என்று பயம். பழைய ஏற்பாடு என்னதான் சொல்கிறது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

அவர் சொன்னது 25ஆம் வசனம். அடுத்த வசனத்தையும் படித்திருக்கலாம். நீதிமான் நித்தம் இரங்கிக் கடன் கொடுக்கிறான் என்று இருக்கிறது அங்கே. கொடுக்கிறவன் ஒருவன் இருந்தால் கேட்டு வாங்குகிறவனும் ஒருவன் இருக்கத்தானே வேண்டும்? கேட்டு வாங்குவதை அந்தச் சங்கீதம் குறை சொல்லவில்லை, வாங்கிவிட்டுத் திருப்பிச் செலுத்தாதவனைத்தான் 21ஆம் வசனம் குறை சொல்கிறது.

கவலை அவிசுவாசம் என்பதற்கு வருகிறேன். 1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழையும் பனியும் இல்லாத காலம், தீர்க்கதரிசி எலியா தண்ணீர் குடித்த கேரீத் ஆறே வற்றிவிட்டது, அப்போது தேவன் அவரை அனுப்புவது சீதோன் நாட்டுச் சாறிபாத்துக்கு, அதாவது எலியாவுக்கு எதிரியான ராணி யேசபேலின் தகப்பன் ஆண்ட நாட்டுக்கு. அங்கே ஊர்வாசலில் ஒரு விதவை விறகு பொறுக்குகிறாள். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய், இதைச் சுட்டு நானும் மகனும் சாப்பிட்டுவிட்டுச் சாகப்போகிறோம் என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். அவள் இஸ்ரவேல் பெண்கூட இல்லை. இதைவிடப் பெரிய கவலை உண்டா? எலியா அவளைக் கடிந்துகொள்ளவில்லை, பயப்படாதே என்கிறார், அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பானை நிரம்பி வழிந்தது என்றும் வேதம் சொல்லவில்லை. மாவு செலவழிந்து போகவில்லை, எண்ணெய் குறையவில்லை. என் மனதில் அவள் தினம் காலையில் பானைக்குள் கைவிட்டுத் துழாவிப் பார்த்திருப்பாள், அன்றைக்கு வேண்டியது இருந்திருக்கும்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து தேவன் கொடுத்த உணவான மன்னாவும் அப்படித்தான். தலைக்கு ஒரு ஓமர், சுமார் 2 லிட்டர். ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பு. மற்ற நாளில் மறுநாளைக்கென்று எடுத்து வைத்தால் புழு வைத்து நாறியது. வருஷம் முழுவதுக்குமான நிம்மதியை ஒரே நாளில் கேட்டு, அது கிடைக்காததால் விசுவாசம் இல்லையோ என்று நம்மையே நோகடித்துக்கொள்கிறோம்.

கானானுக்குள் வந்ததும் மன்னா நின்றுவிட்டது. அதன்பின் ஏழைக்குச் சோறு எங்கிருந்து? வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிறது லேவியராகமம் 19. விதவையான ரூத், போவாஸ் என்பவரின் வயலில் சாயங்காலம் வரை பொறுக்கி, தட்டி எடுத்த வாற்கோதுமை ஏறக்குறைய ஒரு எப்பா, அதாவது 10 ஓமர். தன் பசி தீர்ந்து மீந்த சாப்பாட்டையும் மாமியார் நகோமிக்கு எடுத்துக்கொண்டு போகிறாள். தேவன்தான் போஷித்தார், ஆனால் வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லை, வயல்காரன் ஒருவன் மனதார விட்டுக் கொடுத்தான்.

உங்கள் மனைவி சொல்வதே சரி. இந்த வாரமே அண்ணனிடம் பேசுங்கள். எவ்வளவு தேவை, எப்போது திருப்பித் தர முடியும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.