சமக் கூலி, சமப் பங்கு: கோத்தகிரியில் கேட்ட கேள்விகள்

ஞாயிறு மாலை மகளிர் குழுவில் கேட்ட கேள்விகளும், தொழிலாளர் வழக்குகள் நடத்திவரும் நான் சொன்ன பதில்களும்.

கேள்வி: அக்கா, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976லேயே சட்டம் வந்ததாமே? அப்புறம் ஏன் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டும் ஆளுக்கு ஒரு கூலி, கொழுந்து பறிக்கும் எங்களுக்கு ஒரு கூலி?

பதில்: வேலைக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் கூலியையும் வேறாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். எல்லா நாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் டேகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கைக்கு உறை தைத்த பெண்கள் 1968ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். திறன் தேவைப்படாத வேலை என்று அந்தப் பெண்களின் தையலை நிர்வாகம் வகைப்படுத்தி வைத்திருந்தது. அந்தப் போராட்டத்தின் பலனாக 1970ல் நாட்டுக்கே சம ஊதியச் சட்டம் கிடைத்தது. ஆனால் அந்தத் தையலும் திறன் வேலைதான் என்று ஒப்புக்கொள்ள 1984 ஆனது, அதுவும் இன்னொரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு.

ஐஸ்லாந்திலும் 1961 முதல் சம ஊதியச் சட்டம் இருந்தது, ஆண் பெண் கூலி இடைவெளி மூடவில்லை. 2018ல் வேறு வழிக்குப் போனார்கள். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், சமமாகத்தான் கொடுக்கிறோம் என்று முதலாளியே நிரூபித்துச் சான்று வாங்க வேண்டும். தவறினால் நாள் கணக்கில் அபராதம். எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. புகார் கொடுத்தால் வேலை போய்விடுமோ என்ற பயத்தைப் பெண் சுமக்க வேண்டாம் பாருங்கள். அட்டைக்கடியோடு மழையில் சரிவில் நிற்பதையும் கணக்கில் எடுத்தால், கொழுந்து பறிப்பதை லேசான வேலை என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: கூடலூரிலிருந்து வருகிறேன். என் பாட்டி சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அங்கே பெண்களுக்குச் சம்பளம் குறைவு என்பார். நிஜமா?

பதில்: நிஜம்தான். 1984ல்தான் அங்கே தோட்டக் கூலியைச் சமமாக்கினார்கள். அதற்குப் பிறகும் மனைவியின் சம்பளத்தைக் கணவரே போய் வாங்கிவரும் வழக்கம் நீடித்தது. உங்கள் சம்பளம் உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கே வரட்டும்.

கேள்வி: குன்னூர் காட்டேஜில் மொத்தம் ஆறு பேர்தான் வேலை செய்கிறோம். பாலியல் தொல்லை என்றால் எங்கே போவது?

பதில்: பத்துப் பேருக்குக் குறைந்த இடமென்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தரும் வழி அது. மூன்று மாதத்துக்குள் கொடுங்கள். எழுத வராவிட்டால் எழுதித் தர உதவுவதும் குழுவின் கடமை.

கேள்வி: எனக்கு 1987ல் கல்யாணம். தாத்தா காலத்துத் தேயிலை நிலத்தில் உனக்குப் பங்கில்லை என்கிறார்கள் அண்ணன்மார்.

பதில்: இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 1989ல் கொண்டுவந்த திருத்தம் மகளுக்குச் சமப் பங்கு தந்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. உங்கள் அண்ணன்மார் அந்தக் காலக் கணக்கைச் சொல்கிறார்கள். 2005ல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்தச் சட்டம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையோ, நீதிமன்றத் தீர்ப்பின்படி பிரிவினையோ, விற்பனையோ நடந்திருந்தால் சிக்கல். கோத்தர், இருளர் சகோதரிகளுக்கு இது நேராகப் பொருந்தாது, பழங்குடியினரை 1956 வாரிசுரிமைச் சட்டமே வெளியே நிறுத்தியிருக்கிறது. அது எனக்கு ஆறாத குறை.

உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வில்லங்கச் சான்று எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.