காலரும் கேஸ் பயமும்

அன்புள்ள டாக்டர் ஐயாவுக்கு,

108 வண்டியில் இ.எம்.டி.யாக (அவசர மருத்துவ உதவியாளராக) இருக்கிறேன். போன மாதம் ஏற்காடு மலைப்பாதையில் பைக்கிலிருந்து விழுந்த ஒரு பையனை ஏற்றினோம். தானே நடந்து வந்தான். கழுத்து வலி இல்லை, கைகால் மரத்துப்போகவில்லை. கழுத்து அசையாமல் பிடிக்கும் காலர் போடாமல் கூட்டி வந்தேன். ஆஸ்பத்திரியில், "காலர் எங்கேப்பா? நாளைக்குக் கேஸ் ஆனா நீதான் கோர்ட்டுக்கு அலையணும்" என்று சத்தம் போட்டார்கள். அன்றிலிருந்து எல்லோருக்கும் காலர் மாட்டி, முதுகெலும்பு அசையாமல் பலகையில் கட்டித்தான் இறக்குகிறேன். சரிதானா?

பெயர் வேண்டாம், சேலம்

அன்புள்ள தம்பி,

திட்டியவர் மேல் எனக்குக் கோபமில்லை. கேஷுவால்ட்டியில் இருந்த காலத்தில் நானும் அதே பயத்தில் எக்ஸ்ரே எழுதித் தள்ளியவன்தான்.

ஆனால் கட்டுவதாலும் கெடுதல் உண்டு. உங்கள் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மல்லாக்கக் கட்டிப்போட்டவன் வளைவில் வாந்தியெடுத்தால் புரளக்கூட முடியாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இறுக்கிய காலர் தலைக்குள் அழுத்தத்தை ஏற்றும். பலகையே முதுகுவலியைக் கொடுக்கும், அப்புறம் அது அடியால் வந்த வலியா, பலகையால் வந்ததா என்று டாக்டர் குழம்புவார்.

யாருக்குக் கழுத்து எக்ஸ்ரே தேவை என்று கண்டறிய நடந்து, 2000-இல் வெளியான நெக்ஸஸ் ஆய்வு, அடிபட்டு வந்த 34,069 பேரைப் பார்த்தது. பிடரி எலும்பைத் தொட்டால் வலி, கைகால் பலவீனம் அல்லது மரப்பு, நினைவுத் தடுமாற்றம், போதை, கழுத்து வலியை மறக்கடிக்கும் அளவுக்கு வேறு பெரிய காயம். இந்த ஐந்தும் இல்லாதவருக்குக் கழுத்து எக்ஸ்ரேயே தேவையில்லை என்பது அதன் முடிவு. அது ஆஸ்பத்திரி டாக்டர்களுக்காக வந்த விதி என்றாலும், பல நாடுகளில் இன்று ஆம்புலன்ஸ்காரர்களும் இதே மாதிரிக் கேள்விகளைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். (ஞாயிறு சாயங்காலம் மலையிறங்கும் பைக்காரர்களில் நிறைய பேர் போதைக் கேள்வியிலேயே தோற்பார்கள். அவர்களுக்குத் தயங்காமல் போடுங்கள்.)

கேஸ் விஷயம். 2019 மோட்டார் வாகனத் திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு, வழியில் நின்று தானாக உதவுகிறவரை வழக்கிலிருந்து காப்பது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் உங்களுக்கு அந்தக் குடை கிடையாது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், டாக்டர் மேல் கிரிமினல் குற்றம் சுமத்த மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும் என்றது. யோசித்து எடுத்த முடிவு தவறிப்போனது என்பதாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது. ஆனால் யோசித்தீர்கள் என்பது காகிதத்தில் இருக்க வேண்டும். ஐந்தையும் சோதித்து, மணியோடு எழுதுங்கள். உங்கள் விதிமுறை கட்டச் சொல்லி, உங்களுக்கு வேண்டாம் என்று பட்டால், போனில் கட்டுப்பாட்டு அறை டாக்டரைக் கேட்டு, அவர் சொன்னதையும் எழுதுங்கள்.

அந்தப் பையன் விஷயத்தில் கேஸ் ஷீட்டில் என்ன எழுதினீர்கள்? கடிதத்தில் அது மட்டும் இல்லை.