கேம் கேள்வி-பதில்: ஸ்கைரிம் இன்னும் தேறுமா?

டிராகன்கள் திரியும் கற்பனை நாட்டில் இஷ்டம்போல ஊர் சுற்றும் கேமான ஸ்கைரிம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் சேர்த்திருக்கிறோம்.

2011-ல் வந்த கேமை இப்போது காசு கொடுத்து வாங்கலாமா? என்னிடம் இருப்பது பழைய ஐ5, 8 ஜிபி ரேம்.
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

தாராளமாக. ஆனால் 2016-ல் வந்த ஸ்பெஷல் எடிஷனாகப் பார்த்து வாங்குங்கள். மூலப் பதிப்பு 32-பிட். மாட்கள் (ரசிகர்கள் உருவாக்கும் கூடுதல் இணைப்புகள்) ஏற ஏற மெமரி போதாமல் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். ஸ்பெஷல் எடிஷன் 64-பிட். அதற்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம், டிஸ்க்கில் 12 ஜிபி இடம், ஜிடிஎக்ஸ் 470 அளவிலாவது கிராபிக்ஸ் கார்டு வேண்டும். கார்டு தேறுமா என்று சந்தேகமா? ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முதல் நாளே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

நண்பர்கள் ஆகா ஓகோ என்கிறார்கள். எனக்குப் பாதியிலேயே சப்பென்று ஆகிவிட்டது. குறை என்னிடமா, கேமிடமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

கேமிடம்தான். நண்பர்கள் சொல்வதிலும் தப்பில்லை. எந்த மலையேறினாலும் அந்தப் பக்கம் ஒரு குகை, ஒரு குடிசை, செத்துக் கிடப்பவர் கையில் ஒரு கடிதம் என்று ஏதாவது இருக்கும். முக்கியக் கதையைத் தொடவே வேண்டாம். ஒயிட்ரன் நகரத்து மேற்குக் காவல் கோபுரச் சண்டை வரை கதையை நகர்த்தாவிட்டால் டிராகன்கள் வழிமறிக்கவும் மாட்டா. இந்தச் சுதந்திரத்தை இவ்வளவு தாராளமாகக் கொடுத்த கேம்கள் குறைவு.

ஆனால் யாருக்கும் எந்தக் கதவையும் சாத்தக் கூடாது என்று கேமை உருவாக்கிய பெதஸ்டா நிறுவனம் முடிவெடுத்ததற்கும் ஒரு விலை உண்டு. மந்திரமே சரியாக வராத ஆள் விண்டர்ஹோல்டு மந்திரக் கல்லூரிக்குத் தலைவர் ஆகலாம். அவரே வீரர் கூட்டத்துக்கும் தலைவர், திருடர் கூட்டத்துக்கும் தலைவர்! ஊரில் யாரும் ஏனென்று கேட்பதில்லை. உங்களுக்குச் சப்பென்று ஆனதும் இதனால்தான். ஒரு ஆட்டத்தில் ஒரே கூட்டம் என்று நீங்களே கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள், கேம் வைக்காது.

டெஸ்ட்ரக்‌ஷன் எனும் தாக்குதல் மந்திரத்தில் தேர்ந்த மந்திரவாதியாக ஆடுகிறேன். லெவல் 10-ல் இரண்டு ஃபயர்போல்ட் தீக்கணையில் விழுந்த கொள்ளைக்காரன் லெவல் 30-ல் விழ மறுக்கிறான். ஏன்?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

அவன் வளர்ந்துவிட்டான், உங்கள் ஃபயர்போல்ட் வளரவில்லை. அதன் அடிப்படைச் சேதம் 25. டெஸ்ட்ரக்‌ஷன் திறன் 100 ஆனாலும் அதே 25தான். திறன் ஏறினால் மேஜிக்கா, அதாவது மந்திர சக்தியின் செலவு மட்டும் குறையும். ஆக்மென்டட் ஃப்ளேம்ஸ் பெர்க்கின் (லெவல் ஏறும்போது எடுக்கும் சிறப்புத் தகுதி) இரண்டு படிகளையும் எடுத்தால் 50 சதவீதம் கூடும், அத்தோடு சரி. வாளுக்கோ திறன், பெர்க், பட்டறையில் தீட்டுவது என்று எல்லாமே சேதத்தைக் கூட்டுகின்றன. இது கேமின் பெரிய ஓட்டை.

வழி இருக்கிறது. திறன் 20-ல் டூயல் காஸ்டிங், 40-ல் இம்பாக்ட் பெர்க்குகளை எடுங்கள். இரு கையாலும் ஒரே மந்திரத்தைச் சேர்த்து வீசினால் சேதம் 2.2 மடங்கு, செலவு 2.8 மடங்கு, ஆனால் எதிரி தடுமாறி நிற்பான், டிராகன்கூட. அந்தச் செலவுக்கு, பொருளில் மந்திரம் ஏற்றும் என்சான்டிங் திறன்தான் மருந்து. ‘ஃபார்ட்டிஃபை டெஸ்ட்ரக்‌ஷன்’ என்ற, செலவைக் குறைக்கும் மந்திரம் உள்ள பொருள் ஒன்றை என்சான்டிங் மேசையில் உடைத்து அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளுங்கள். என்சான்டிங் 100, அதன் பெர்க்குகள், ஆன்மாவை அடைத்து வைக்கும் கல்லான கிராண்ட் சோல் ஜெம் மூன்றும் சேர்ந்தால் ஒரு பொருளுக்கு 25 சதவீதம் குறைப்பு. தலை, மார்பு, மோதிரம், கழுத்து ஆகிய நான்கிலும் ஏற்றினால் செலவு பூஜ்ஜியம்.

இன்னொன்று: உங்கள் 18 திறன்களில் எது ஏறினாலும் லெவல் ஏறும், லெவலோடு எதிரியும் ஏறுவான். சண்டைத் திறன் தேறாத காலத்தில் கடைப் பேரமும் மருந்து காய்ச்சுவதுமாக லெவலை ஏற்றாதீர்கள்.

புது 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கேமின் தொடக்கத்தில் வரும் வண்டியே குட்டிக்கரணம் போடுகிறது. வீட்டுக்குள் போனால் தட்டு, குடமெல்லாம் பறக்கிறது.
– வாசகர், நெல்லிக்குப்பம்

பேய் இல்லை. பொருட்கள் விழுவதையும் நகர்வதையும் போடும் இதன் பிசிக்ஸ் கணக்கு, ஃப்ரேம் வேகத்தோடு (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பது) கட்டப்பட்டது. 60-ஐத் தாண்டினால் கணக்கு குழம்பும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஸ்கைரிமைத் தேர்ந்தெடுத்து மேக்ஸ் ஃப்ரேம் ரேட்டை 60 ஆக்குங்கள்.

ஐப்பசி மழையில் கரண்ட் போனால் சேவும் போகிறதே?
– வாசகர், கடலூர் முதுநகர்

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அந்தக் கோப்பு அரைகுறையாகிவிடும். ஆட்டோசேவ் மூன்றே இடங்களில் மாறி மாறி எழுதும், குவிக்சேவ் ஒரே இடத்தில். இரண்டையும் நம்பாமல், மெனுவில் போய்ப் புதிய சேவாகப் போடுங்கள். டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸ் உள்ளே இருக்கும் சேவ்ஸ் ஃபோல்டரை வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகலெடுங்கள். மாட்களை ஆட்டத்தின் நடுவில் கழற்றினாலும் சேவ் கெடும். அந்தப் பழியைக் கரண்ட் மேல் போட முடியாது.

எட்டாம் வகுப்புப் பையன் இதைக் கேட்டு நச்சரிக்கிறான். வாங்கித் தரலாமா?
– ஒரு தாய், பண்ருட்டி

இப்போது வேண்டாம் அம்மா. அமெரிக்கத் தரச்சான்று 17 வயதுக்கு மேல் என்கிறது. தலை துண்டாகி விழுவதை மெதுவாகக் காட்டும். கூலிக்குக் கொலை செய்யும் கூட்டத்தில் சேர்ந்து அந்த வேலையைச் செய்யலாம். இதே போல ஊர் சுற்றும் கேம்தான் வேண்டுமென்றால், நின்டெண்டோ ஸ்விட்ச் வீட்டில் இருந்தால் செல்டாவின் ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’, கம்ப்யூட்டர் என்றால் மைன்கிராஃப்ட். இரண்டுமே 10 வயதுக்கு மேல்.