அடுப்படிக் கேள்வி–பதில்: சூப்புக்குக் கிழட்டுக் கோழி

மழை ஆரம்பித்ததும் கோழி சூப்பு பற்றி வரிசையாகக் கடிதங்கள். போன இதழில் 'பிராய்லரை விட முட்டைக்கோழியில் சூப்பு நன்றாக வரும்' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பாதிப் பேர் அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்திருக்கிறார்கள். சந்தோஷம், வாருங்கள். இந்த இதழ் முழுக்க சூப்புதான்.

நான் வைக்கும் கோழி சூப்பு வெந்நீரில் மிளகுத் தூள் போட்ட மாதிரி இருக்கிறது. கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றினால் கெட்டியாகிறதே தவிர ருசி வரவில்லை. என்ன செய்வது?
– வாசகி, ஓசூர்

முதலில் அந்த கார்ன்ஃப்ளார் டப்பாவை எடுத்து உள்ளே வையுங்கள் அம்மிணி. மாவு போட்டால் தண்ணீர் கெட்டியாகும், அவ்வளவுதான். நல்ல சூப்பைக் குடித்தால் உதடு லேசாக ஒட்டும். அந்தப் பிசுபிசுப்பு எலும்பு மூட்டிலும் ஜவ்விலும் தோலிலும் இருந்து வருவது. அங்கே இருக்கிற கொலாஜன், மெல்லிய கொதியில் நின்று நிதானமாக வேகும்போது ஜெலட்டினாகக் கரைந்து சாற்றில் இறங்குகிறது.

இப்போது கோழிக்கு வருவோம். பிராய்லர் 35 முதல் 42 நாளுக்குள் இரண்டு கிலோ எடை ஏறிக் கடைக்கு வந்துவிடுகிறது. பச்சைக் குழந்தை அது. கறி மெத்தென்று இருக்கும், வறுவலுக்கும் பிரியாணிக்கும் சரி. ஆனால் வெறும் நெஞ்சுக்கறியைப் போட்டுச் சாறு இறங்கவில்லையே என்றால், இறங்க அதில் என்ன இருக்கிறது?

எங்கள் நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் ஒன்றரை வயது வாக்கில் முட்டை குறைந்துபோன கோழிகளைக் கழித்து விற்றுவிடுவார்கள். பேப்பரில் தினமும் கறிக்கோழி, முட்டைக்கோழி என்று இரண்டு விலை போடுகிறார்களே, அதில் இரண்டாவது. குழம்புக்கு வாங்கினவர்கள் 'ரப்பர் மாதிரி இருக்கிறது' என்று திட்டுவார்கள். திட்டட்டும். ஓடி ஆடிய நாட்டுக்கோழிக்கு அடுத்தபடியாகச் சூப்புக்கு ஏற்றது அதுதான், விலையும் கம்மி. நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மெஸ் நடத்திய காலத்தில் சாயங்கால சூப்புக்கு வேறு கோழி வாங்கியதே இல்லை.

உங்கள் ஊரில் முட்டைக்கோழி கிடைக்கவில்லையா, கறிக்கடைக்காரரிடம் பிராய்லரின் கழுத்து, முதுகெலும்பு, இறக்கை, நாலைந்து கால் கேளுங்கள். காலைக் கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு எடுத்தால் மஞ்சள் தோல் உறை கழற்றுவதுபோல் வந்துவிடும். நகத்தோடு நுனியை வெட்டி எறியுங்கள். கோழிக்கால் போட்ட சூப்புக்கும் போடாததற்கும் வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். ஈரலை மட்டும் போடாதீர்கள், சாறு கலங்கிக் கசப்புத் தட்டும்.

ஐந்து பேருக்கு முக்கால் கிலோ எலும்புக்கறி, இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீர். வெந்நீர் ஊற்றாதீர்கள், பச்சைத் தண்ணீரில் தொடங்கினால்தான் நுரை நிதானமாக மேலே வந்து சேரும். அதைக் கரண்டியால் எடுத்துவிட்டு, கால் டீஸ்பூன் மஞ்சள் தூள், தட்டிய இஞ்சி ஒரு துண்டு, பூண்டு பத்துப் பல், சின்ன வெங்காயம் பதினைந்தை நசுக்கிப் போட்டுத் தீயைக் குறையுங்கள். அங்கங்கே ஒரு குமிழி வந்து உடையவேண்டும், அந்த அளவு கொதி போதும். தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு சாற்றோடு கலந்து வெள்ளையாகக் கலங்கிப்போகும். முட்டைக்கோழி என்றால் இரண்டு மணி நேரம், பிராய்லர் எலும்பு என்றால் ஒன்றேகால் மணி நேரம். தண்ணீர் ஒன்றரை லிட்டராகச் சுண்டியிருக்கும்.

மிளகு இரண்டு டீஸ்பூன், சீரகம் ஒன்றரை, கொத்தமல்லி விதை இரண்டு. வெறும் சட்டியில் சூடேற்றி உரலில் கரகரப்பாகத் தட்டுங்கள். இதைக் கடைசிப் பத்து நிமிஷத்தில்தான் போடவேண்டும். முதலிலேயே போட்டால் காரம் நிற்கும், வாசம் ஆவியோடு போய்விடும். கூடவே ஒரு தக்காளியைக் கையால் பிசைந்து விட்டு, உப்புப் போடுங்கள். இறக்கியதும் நல்லெண்ணெயில் கறிவேப்பிலையும் நாலு சின்ன வெங்காயமும் தாளித்துக் கொட்டுங்கள். பட்டை, கிராம்பு, சோம்பு எல்லாம் எனக்குப் பிடிக்காது. குழம்பு வாசம் வந்துவிடும். செட்டிநாட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

குக்கரா, சட்டியா?
– வாசகர், சேலம்

நேரம் இருந்தால் சட்டி. வேலைக்குப் போகிறவர்கள் குக்கரிலேயே வையுங்கள், ஒன்றும் குடி முழுகிப்போகாது. குக்கருக்குள் சூடு கிட்டத்தட்ட 120 டிகிரி வரை ஏறுவதால் ஜவ்வு சீக்கிரம் கரையும். ஒன்றரை லிட்டர் தண்ணீர் போதும், அதில் சுண்டாது. முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் முட்டைக்கோழிக்கு 40 நிமிஷம், பிராய்லர் எலும்புக்கு 20 நிமிஷம். விசிலை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஆவி தானாக அடங்கட்டும். மிளகு சீரகம் மட்டும் மூடி திறந்த பிறகு.

ஃப்ரிட்ஜில் வைத்த சூப்பு மறுநாள் அல்வா மாதிரி உறைந்திருந்தது. கெட்டுவிட்டது என்று மாமியார் கொட்டிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. கெட்டதுதானா?
– வாசகி, திருப்பூர்

அடடா. தங்கத்தைக் கொட்டியிருக்கிறார் உங்கள் மாமியார். மேலே சொன்ன ஜெலட்டின்தான் அது. குளிரில் உறையும், சூடு பண்ணினால் பழையபடி தண்ணீராகும். உறைந்தால் உங்கள் கைப்பக்குவம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மேலே வெள்ளையாகப் படிந்திருப்பது கொழுப்பு. கரண்டியால் வழித்தால் மொத்தமாக வந்துவிடும்.

கெட்டதற்கு அடையாளம் வேறு. புளித்த வாடை, நுரைத்துக் குமிழி விடுவது, நூல் நூலாக இழுப்பது. ஆனால் வாடை வராமலே கெடுதல் நடக்கலாம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ராத்திரி சூப்பை அடுப்பு மேலேயே மூடி வைத்துவிட்டுக் காலையில் கொதிக்கவைத்துக் குடிக்கிற பழக்கம் பல வீட்டில் இருக்கிறது. வேண்டாம். சில கிருமிகளின் வித்துகள் கொதியில் சாகாது. சாறு வெதுவெதுப்பாக ஆறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் முளைத்துப் பெருகும். இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போகவேண்டும். சட்டியை ஒரு அகலப் பாத்திரத்துத் தண்ணீரில் உட்காரவைத்து ஆற்றி, சின்னச் சின்ன டப்பாவில் ஊற்றி வையுங்கள். மூன்று நாள் தாங்கும். ஃப்ரீசரில் என்றால் இரண்டு மாதம். தேவையானதை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

சளிக்குக் கோழி சூப்பு மருந்தா, அல்லது பாட்டி சொன்ன கதையா? என் கணவர் சிரிக்கிறார்.
– வாசகி, வேலூர்

சிரிக்கட்டும், ஆனால் ஆராய்ச்சிக்காரர்களும் இதைச் சும்மா விடவில்லை என்று சொல்லுங்கள். 1978-இல் அமெரிக்காவில் மயாமி பீச்சில் ஒரு மருத்துவமனை டாக்டர்கள், குளிர்ந்த தண்ணீர், வெந்நீர், சூடான கோழி சூப்பு மூன்றையும் ஆட்களுக்குக் கொடுத்து மூக்குச் சளி எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று அளந்தார்கள். சூப்புக்கு வெந்நீரை விடக் கொஞ்சம் கூடுதல் பலன் தெரிந்தது. அரை மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். 2000-இல் நெப்ராஸ்காவில் ஸ்டீபன் ரென்னார்ட் என்ற நுரையீரல் டாக்டர், தன் மனைவியின் லித்துவேனியப் பாட்டி வழிவந்த சூப்பை வைத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். வீக்கத்தைக் கிளப்புகிற ஒருவகை வெள்ளையணுக்களின் ஓட்டத்தை அது மட்டுப்படுத்தியது. அது கண்ணாடிக் குப்பிக்குள் நடந்த சோதனை, நோயாளியின் உடம்பில் அல்ல.

ஆக, சளியை ஒழிக்கிற மருந்து இல்லை. ஆவி மூக்கைத் திறக்கும், மிளகு தொண்டைக்கு இதம், சோறு இறங்காத ஆளுக்கு உப்பும் தண்ணீரும் உள்ளே போகும். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ மூச்சு வாங்கினாலோ சட்டியை இறக்கிவைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ள மாமனார், காரம் இல்லாமல் சாப்பிடாத கணவர். மூன்று சூப்பு வைக்க என்னால் முடியாது.
– வாசகி, தஞ்சாவூர்

எதற்கு மூன்று? ஒரே சட்டிதான். வரிசையை மட்டும் மாற்றுங்கள். எலும்பு வெந்து முடிகிறவரை உப்பும் மிளகும் போடாமல் இருங்கள். முதலில் குழந்தைக்கு ஒரு கிண்ணம் எடுத்துவிடுங்கள், அதில் ஒரு சிட்டிகை சீரகம் போதும். (ஒரு வயது ஆகாத குழந்தை இருக்கிற வீடென்றால் உப்பே வேண்டாம்.) அடுத்து மாமனாருக்கு. மேலே மிதக்கிற எண்ணெயைக் கரண்டியால் ஒதுக்கி எடுத்து, மிளகு சீரகம் தாராளமாக, உப்பைக் கொஞ்சமாகப் போட்டு, ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். புளிப்பு இருந்தால் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராம் உப்புக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சூப்புக் கட்டியும் பாக்கெட் பொடியும் அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் சூப்பு எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்லவேண்டும். மிச்சம் சட்டியில் இருப்பது உங்கள் கணவருக்கு, இரண்டு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டுக் கொதிக்கவிடுங்கள்.

குழந்தைக்குச் சூப்பை ஊட்டிவிட்டுக் கறியை ஒதுக்கிவிடுகிற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சத்தெல்லாம் சாற்றில் இறங்கிவிட்டது என்பது சரியல்ல. புரதத்தில் பெரும்பங்கு இன்னும் கறியில்தான் இருக்கிறது. சின்ன வயிறு சாற்றிலேயே நிரம்பிவிட்டால் சோறும் கறியும் எப்படிப் போகும்? கறியை நைத்துச் சோற்றோடு பிசைந்து, சாற்றைக் கொஞ்சமாக ஊற்றிக் கொடுங்கள். எலும்புச் சிம்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு.

பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே? பெண் குழந்தைக்குக் கொடுக்கவே பயமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

என் தம்பி பல்லடம் பக்கம் கோழிக் கொட்டகை வைத்திருக்கிறான். அவனிடம் இதைக் கேட்டால், 'அஞ்சாயிரம் கோழியை ஒவ்வொண்ணாப் பிடிச்சு தினமும் ஊசி போட எனக்கு எத்தனை ஆள் வேணும், நீயே சொல்லுக்கா' என்பான். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் செரித்துப் போய்விடும், அடிக்கடி ஊசியாகத்தான் போட்டாக வேண்டும். அந்தச் செலவுக்குக் கோழி கட்டாது. பிராய்லர் சட்டென்று வளர்வதற்குக் காரணம், வேகமாக வளர்வதையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனமும், கணக்குப்போட்டுக் கொடுக்கிற தீவனமும்தான்.

கவலைப்படவேண்டிய விஷயம் ஆன்டிபயாடிக். மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கிற கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019-இல் மத்திய அரசு தடை போட்டது. அதற்குத் தடை போடவேண்டி வந்ததென்றால் முன்னே புழக்கத்தில் இருந்தது என்றுதானே பொருள்? ஊசிக் கதையை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள், கேட்டால் பதில் சொல்லவேண்டிய கேள்வி.

நாட்டுக்கோழி என்று வாங்கினேன், நாட்டுக்கோழி மாதிரி இல்லை. கருங்கோழி சூப்புக்கு விசேஷமா?
– வாசகர், திண்டுக்கல்

கிராமப்பிரியா, வனராஜா என்று ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய இனங்கள் இருக்கின்றன. கலர் கலராக, பார்க்க நாட்டுக்கோழி போலவே இருக்கும். நல்ல கோழிகள்தான், புறக்கடையில் வளர்க்கவே வந்தவை. அதை அசல் நாட்டுக்கோழியான சிறுவிடையின் விலைக்கு விற்பதுதான் கோளாறு. வாங்கும்போது காலைப் பாருங்கள். வயதான கோழிக்குச் செதில் முரடாக இருக்கும், நெஞ்செலும்பு நுனி அழுத்தினால் வளையாது. சூப்புக்கு இனத்தை விட வயது முக்கியம். தீயில் வாட்டி மஞ்சள் தடவித் தரச் சொல்லுங்கள், தோலோடு போட்டால்தான் அந்த வாசம்.

கருங்கோழி மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத். 2018-இல் புவிசார் குறியீடு வாங்கியது. கொழுப்புக் குறைவு. ருசியில் அந்த விலைக்குரிய வித்தியாசம் என் நாக்குக்குத் தெரியவில்லை.

கறியை எத்தனை தண்ணீர் கழுவவேண்டும்?
– வாசகி, காரைக்குடி

குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே கழுவாதீர்கள். தெறிக்கிற தண்ணீரில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பக்கத்தில் இருக்கிற கொத்தமல்லிக் கட்டுவரை போகும். கிருமியைக் கொல்வது கழுவுவது அல்ல, வேகவைப்பதுதான். மனசு கேட்காவிட்டால் ஒரு குண்டானில் தண்ணீர் விட்டு அமுக்கி அலசுங்கள். அப்புறம் கை, தொட்டி, அருவாமனை மூன்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

சூப்பில் வெந்த கறியைப் பிள்ளைகள் தொடமாட்டேன் என்கிறார்கள். தினமும் நானே தின்றுகொண்டிருக்கிறேன்.
– வாசகி, கரூர்

பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டிருப்பீர்கள், உங்களுக்குப் பக்கத்து ஊர்தான். அதே வழிதான். எலும்பை நீக்கிக் கறியைப் பிய்த்து வையுங்கள். நல்லெண்ணெயில் வரமிளகாயை விதை உதிர்த்துக் கிள்ளிப் போட்டு, சின்ன வெங்காயம் இரண்டு கை, கறிவேப்பிலை, பொடிப்பொடியாக நறுக்கிய தேங்காய்ச் சில்லு எல்லாம் சிவக்க வதக்கி, கறியைப் போட்டு, ஒரு கரண்டி சூப்பையே தெளித்துச் சுண்டவிடுங்கள். முட்டைக்கோழிக் கறி இதற்குத் தாங்கும். பிராய்லராக இருந்தால் கரண்டி பட்டதும் தூளாகிவிடும். அதற்கு இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிப் பொடிமாஸ் ஆக்கிவிடுங்கள், தோசைக்குள் வைத்துக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் சாப்பிடுவார்கள்.